அலுமினிய வீட்டு மின்கம்பியும் இணைப்பு இறுக்கமும்

அலுமினிய வீட்டு மின்கம்பி என்பது வீடுகளின் விளக்குகளுக்கும் பிளக் பாயிண்டுகளுக்கும் மின்சாரம் கொண்டுசெல்லச் செம்புக் கம்பிக்கு மாற்றாகப் பயன்பட்ட ஒற்றை இழை அலுமினியக் கம்பி ஆகும். 1965க்கும் 1973க்கும் இடைப்பட்ட காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏறத்தாழ 20 லட்சம் வீடுகளில் இக்கம்பி பொருத்தப்பட்டது. கனடாவிலும் இதே காலத்தில் இது பரவலாகப் பயன்பட்டது. சில ஆண்டுகளிலேயே பிளக் பாயிண்டுகள் கருகுவதும் சுவருக்குள் தீப்பிடிப்பதும் தெரியவந்தன. கம்பியின் நடுப்பகுதியில் குறை இருக்கவில்லை. கம்பி திருகோடு சேரும் சில மில்லிமீட்டர் இடத்தில்தான் குறை இருந்தது. அந்த இடத்தை எப்படி இறுக்குவது, எவ்வளவு இறுக்குவது என்ற கேள்வி ஆய்வகங்களுக்கும் அரசு ஆணையங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் சென்றது. மின்பணியாளர்கள் இன்று அளவிடும் திருப்புளியைப் பயன்படுத்துவதன் பின்னணியில் இவ்வரலாற்றுக்கும் பங்கு உண்டு.

செம்பிலிருந்து அலுமினியத்துக்கு

1886ஆம் ஆண்டு அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹால், பிரான்சில் பால் எரூ ஆகிய இருவரும் தனித்தனியே, மின்னாற்பகுப்பின் மூலம் அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டறிந்தனர். அதுவரை அரிய உலோகமாக இருந்த அலுமினியம் அடுத்த சில பத்தாண்டுகளில் பாத்திரம் செய்யும் அளவுக்கு விலை குறைந்தது. மின்துறை அதை விரைவில் ஏற்றுக்கொண்டது.

ஒரே பருமனுள்ள இரு கம்பிகளை ஒப்பிட்டால் அலுமினியத்தின் மின்கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 61 விழுக்காடு. ஆனால் அதன் அடர்த்தி செம்பின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே ஒரே மின்தடை கொண்ட இரு கம்பிகளை எடுத்துக்கொண்டால், அலுமினியக் கம்பி சற்றுத் தடிமனாக இருந்தாலும் எடையில் செம்புக் கம்பியின் பாதியே இருக்கும். கோபுரங்களுக்கிடையே நெடுந்தொலைவு தொங்கும் மின்தொடர்களுக்கு இது பெரிய நன்மை. நடுவில் எஃகு இழைகளும் சுற்றிலும் அலுமினிய இழைகளும் கொண்ட கம்பி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்டது. இன்று உலகெங்கும் உயரழுத்த மின்தொடர்களில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை.

மின்தொடர்களில் அலுமினியம் நன்றாகவே பணியாற்றியது. அங்கு இணைப்புகள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றைப் பயிற்சி பெற்றவர்கள், அதற்கெனச் செய்த கவ்விகளையும் அழுத்துக்கருவிகளையும் கொண்டு அமைத்தனர். வீட்டுக்குள் நிலைமை வேறு. ஒரு வீட்டில் பல பத்து இணைப்புகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு சிறு திருகின் தலைக்கடியில் அடங்கிவிடும். கட்டுமானத்தின் அவசரத்தில் அவை முடிக்கப்படும். பிறகு சுவருக்குள் மறைந்துவிடும்.

வீட்டுக்குள் வந்த அலுமினியம்

1960களின் நடுவில் செம்பின் விலை ஏறியது. வியட்நாம் போரால் செம்பின் தேவை கூடியிருந்தது. 1967 சூலை முதல் 1968 மார்ச் வரை அமெரிக்கச் செம்புத் தொழிலில் நடந்த நீண்ட வேலைநிறுத்தம் தட்டுப்பாட்டை மேலும் கடுமையாக்கியது. அதே வேளையில் நகரங்களின் புறநகர்ப் பகுதிகளில் புதிய வீடுகள் பெருமளவில் எழுந்துகொண்டிருந்தன. கட்டுநர்களுக்கு மலிவான கம்பி தேவைப்பட்டது.

விதிமுறைகள் அலுமினியத்தை அனுமதித்தன. கடத்துதிறன் குறைவதை ஈடுசெய்ய ஓர் அளவு தடித்த கம்பி போடப்பட்டது. 15 ஆம்பியர் சுற்றுக்குச் செம்பில் 1.63 மி.மீ. விட்டமுள்ள 14ஆம் எண் கம்பி போதும், அலுமினியத்தில் 2.05 மி.மீ. விட்டமுள்ள 12ஆம் எண் கம்பி வேண்டும். 20 ஆம்பியர் சுற்றுக்கு 12ஆம் எண்ணுக்குப் பதிலாக 10ஆம் எண் பயன்பட்டது. கம்பியின் உடலைப் பொறுத்தவரை இக்கணக்கு சரியானதே. இணைப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அக்காலத்தில் பயன்பட்ட உலோகம் மின்தொடர்களுக்காக உருவான, ஏறத்தாழத் தூய அலுமினியம். தொழில்துறை வகைப்பாட்டில் இது 1350 எனப்படுகிறது. பிளக் பாயிண்டுகளும் சுவிட்சுகளும் செம்புக் கம்பிக்காக வடிவமைக்கப்பட்டவை. விலையைக் குறைக்க அவற்றில் பித்தளைத் திருகுக்குப் பதிலாகத் துத்தநாகம் பூசிய எஃகுத் திருகுகளும் புழக்கத்துக்கு வந்திருந்தன. புதிய கம்பியும் புதிய திருகும் ஒன்றாகச் சேர்ந்தபோது எப்படி நடந்துகொள்ளும் என்பது நீண்டகால நோக்கில் சோதிக்கப்படவில்லை.

இணைப்பு கெடுவதற்கான காரணங்கள்

இணைப்புகள் கெட்டதற்கு ஒரே காரணம் கூற இயலாது. அலுமினியத்தின் பல இயல்புகள் ஒன்றுக்கொன்று துணைபோயின.

முதலாவது, ஆக்சைடுப் படலம். அலுமினியத்தைச் சுரண்டினால், காற்றுப் பட்ட உடனேயே அதன் மேல் அலுமினிய ஆக்சைடு படர்கிறது. சில நானோமீட்டர் தடிமனே உள்ள இப்படலம் கடினமானது, மின்சாரத்தைக் கடத்தாதது. அலுமினியப் பாத்திரம் துருப்பிடிக்காமல் இருப்பதற்கு இப்படலமே காரணம். மின் இணைப்பில் அதே படலம் தடையாகிறது. திருகை இறுக்கும்போது படலம் உடைந்து உலோகம் உலோகத்தைத் தொடும் நுண்புள்ளிகளில் மட்டுமே மின்சாரம் பாயும். இறுக்கம் குறைந்தால் அப்புள்ளிகளின் எண்ணிக்கையும் குறையும்.

இரண்டாவது, வெப்ப விரிவு. வெப்பநிலை 100 செல்சியசு பாகை உயர்ந்தால் ஒரு மீட்டர் அலுமினியம் 2.3 மி.மீ. நீளும். செம்பு 1.7 மி.மீ., எஃகு 1.2 மி.மீ. நீளும். எஃகுத் திருகின் அடியில் சிக்கிய அலுமினியம் சூடாகும்போது திருகைவிட அதிகமாக விரியப் பார்க்கிறது. விரிய இடமின்றிப் பக்கவாட்டில் பிதுங்குகிறது. மின்சாரம் நின்று குளிரும்போது அது சுருங்குகிறது. ஆனால் பிதுங்கிய பகுதி பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. ஒவ்வொரு முறை சூடாகிக் குளிரும்போதும் திருகின் பிடி சற்றுக் குறைகிறது.

மூன்றாவது, ஊர்வு. நீடித்த அழுத்தத்தின் கீழ் ஓர் உலோகம் மெல்ல மெல்ல நகர்ந்து வடிவம் மாறுவதை இச்சொல் குறிக்கிறது. தூய அலுமினியத்தில் இது செம்பைவிட மிகுதி. எனவே வெப்பமாற்றம் இல்லாவிட்டாலும் காலப்போக்கில் பிடி தளரக்கூடும்.

நான்காவது, அரிப்பு. ஈரம் உள்ள இடத்தில் அலுமினியமும் செம்பும் அல்லது பித்தளையும் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கு ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. அதில் அரிக்கப்படுவது அலுமினியமே.

இவற்றோடு வேலைத்திறனும் சேர்ந்தது. காப்புறையை உரிக்கும்போது கத்தி கம்பியில் பட்டு வடு விழுந்தால், மென்மையான அலுமினியம் அந்த இடத்தில் எளிதில் முறியும். திருகின்றிக் கம்பியைத் துளைக்குள் குத்தி நிறுத்தும் வில்முறைப் பொருத்திகளில் தொடும் பரப்பு மிகச் சிறியது. அவை அலுமினியத்துக்கு ஏற்றவை அல்ல என்று பின்னர் விலக்கப்பட்டன.

பியூஸ் அறியாத வெப்பம்

கெட்ட இணைப்பின் ஆபத்து அது வெளியில் தெரியாமல் வளர்வதில் உள்ளது. ஓர் இணைப்பின் மின்தடை 0.1 ஓம் அளவுக்கு உயர்ந்துவிட்டதாகக் கொள்வோம். அதன் வழியாக 15 ஆம்பியர் பாய்ந்தால், மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்க, 22.5 வாட் வெப்பம் அந்த ஒரே புள்ளியில் தோன்றும். வானொலி பழுதுபார்ப்பவரின் சிறிய சால்டரிங் அயர்ன் ஏறத்தாழ 25 வாட் கொண்டது. அதை எரியவிட்டு மூடிய பெட்டிக்குள் வைத்துச் சுவரில் பதித்ததற்கு இது சமம்.

இந்நிலையில் மின்னழுத்தம் குறைவது 1.5 வோல்ட்டு மட்டுமே. விளக்கு எரியும், கருவிகள் ஓடும். சுற்றில் பாயும் மின்னோட்டம் அளவை மீறாததால் பியூஸ் உருகாது, சர்க்யூட் பிரேக்கரும் விழாது. அவை மிகையான மின்னோட்டத்தையே கண்காணிக்கின்றன. ஒரு திருகின் அடியில் கூடும் வெப்பம் அவற்றுக்குத் தெரியாது. வெப்பம் ஆக்சைடை வளர்க்கிறது, பிடியைத் தளர்த்துகிறது. அதனால் மின்தடை மேலும் உயர்கிறது, வெப்பமும் மேலும் கூடுகிறது.

ஒரு பிளக் பாயிண்டில் எந்தக் கருவியும் செருகப்படாதபோதும் இது நிகழலாம். அமெரிக்க வீடுகளில் ஒரு பிளக் பாயிண்டின் திருகுகள் வழியாகவே அடுத்த பிளக் பாயிண்டுக்கு மின்சாரம் செல்வது வழக்கம். அடுத்த அறையில் ஓடும் வெப்பமூட்டி, இந்த அறையின் வெறும் பிளக் பாயிண்டைக் கருக்கிவிடக்கூடும். மூடித்தகடு சூடாக இருப்பது, காரணமின்றி விளக்கு மினுக்குவது, பிளாஸ்டிக் கருகும் வாடை ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். எந்த அடையாளமும் காட்டாமல் கெட்ட இணைப்புகளும் இருந்தன.

ஹாம்ப்டன் பேஸ் தீயும் ஆணையத்தின் ஆய்வும்

1974 ஏப்ரல் 28 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஹாம்ப்டன் பேஸ் என்ற ஊரில் ஒரு வீடு தீப்பற்றி இருவர் இறந்தனர். ஒரு பிளக் பாயிண்டில் இருந்த அலுமினியக் கம்பியின் கெட்ட இணைப்பே தீக்குக் காரணம் எனத் தீயணைப்பு அதிகாரிகள் முடிவு செய்தனர். நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அப்போது புதிய அமைப்பு. அதற்கான சட்டம் 1972இல்தான் இயற்றப்பட்டிருந்தது. அலுமினியக் கம்பி அதன் தொடக்ககாலப் பெரிய விவகாரங்களுள் ஒன்றாயிற்று.

ஆணையத்துக்காக ஃபிராங்க்ளின் ஆய்வு நிறுவனம் வீடுகளில் ஓர் அளவாய்வு நடத்தியது. மூடித்தகட்டின் திருகு 149 செல்சியசு பாகையை எட்டுதல், பிளக் பாயிண்டிலிருந்து தீப்பொறி பறத்தல், அதைச் சுற்றியுள்ள பொருள் கருகுதல் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் அது 'தீ அபாய நிலை' எனக் கொள்ளப்பட்டது. 1972க்கு முன் தயாரான அலுமினியக் கம்பி கொண்ட வீடுகளில் ஓர் இணைப்பாவது இந்நிலையை அடையும் வாய்ப்பு, செம்புக் கம்பி கொண்ட வீடுகளைவிட 55 மடங்கு அதிகம் என்பது ஆய்வின் முடிவு.

இந்த எண் பலமுறை தவறாக மேற்கோள் காட்டப்பட்டுள்ளது. அலுமினியக் கம்பி உள்ள வீடு தீப்பற்றி எரிவதற்கான வாய்ப்பு 55 மடங்கு என்பது அதன் பொருளன்று. இணைப்பு அபாய நிலையை அடைவதற்கான வாய்ப்பையே அது குறிக்கிறது. அபாய நிலையை அடைந்த இணைப்புகள் எல்லாம் தீயாக மாறுவதில்லை. எனினும் ஒரு வீட்டில் உள்ள இணைப்புகளின் எண்ணிக்கையை நினைத்தால் முடிவின் கனம் விளங்கும்.

வழக்குகள்

1977இல் ஆணையம் அலுமினியக் கம்பி, பொருத்தி உற்பத்தியாளர்கள் மீது வழக்குத் தொடுத்தது. பழைய இணைப்புகளைச் சரிசெய்யும் பொறுப்பை அவர்கள் ஏற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். வழக்கின் மையம் அறிவியலிலிருந்து சொல்விளக்கத்துக்கு நகர்ந்தது. நுகர்வோர் கடையில் வாங்கும் பொருளே 'நுகர்பொருள்'. சுவருக்குள் இருக்கும் கம்பி வீட்டின் ஒரு பகுதி. எனவே ஆணையத்துக்கு அதில் அதிகாரம் இல்லை என உற்பத்தியாளர்கள் வாதிட்டனர். 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஆணையத்தின் அதிகாரத்தைக் குறுக்கும் வகையில் அமைந்தது. கட்டாயப் பழுதுநீக்கம் நடைபெறவில்லை. ஆணையம் எச்சரிக்கைக் கையேடு வெளியிடுவதோடும் பழுதுநீக்கும் முறைகளைப் பரிந்துரைப்பதோடும் நின்றது. செலவு வீட்டு உரிமையாளர்கள் தலையில் விழுந்தது.

இரண்டாவது பெரிய வழக்கு ஒரு பேரிழப்பிலிருந்து எழுந்தது. 1977 மே 28 அன்று கென்டக்கி மாநிலத்தின் சவுத்கேட் நகரில் இருந்த பெவர்லி ஹில்ஸ் இரவு விருந்து மன்றம் தீக்கிரையாகி 165 பேர் உயிரிழந்தனர். தீ 'ஸீப்ரா அறை' என்ற சிறு விருந்தறையில் தொடங்கியது. அங்கிருந்த அலுமினியக் கம்பியின் இணைப்பே காரணம் என்று இறந்தோர் குடும்பங்களின் தரப்பு கூறியது. எந்த நிறுவனத்தின் கம்பி என்பதை அறுதியிட முடியாத நிலையில், வழக்கறிஞர் ஸ்டான்லி செஸ்லி அலுமினியக் கம்பித் தொழில் முழுவதையும் எதிர்த்தரப்பாக நிறுத்தினார்.

1980இல் நடுவர் குழு உற்பத்தியாளர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வழக்கு அத்தோடு முடியவில்லை. நடுவர்களுள் ஒருவர் விசாரணையின்போது தன் வீட்டில் தானே ஒரு சோதனை செய்து, அதன் முடிவைச் சக நடுவர்களிடம் கூறியிருந்தது பின்னர் வெளிவந்தது. நீதிமன்றத்தில் முன்வைக்கப்படாத, குறுக்கு விசாரணைக்கு உட்படாத சான்று அது. 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 1985இல் நடந்த மறுவிசாரணையில் குடும்பங்களின் தரப்பு வென்றது. எனினும் தீயின் தோற்றுவாய் குறித்த விவாதம் ஓயவில்லை.

ஒரே சான்றுகளின் மேல் இரு நடுவர் குழுக்கள் எதிரெதிர் முடிவுக்கு வந்ததில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. இத்தகைய தீயில் காரணமாகக் கருதப்படும் இணைப்பே முதலில் உருகி அழிகிறது. திருகு சரியாக இறுக்கப்பட்டிருந்ததா என்பதைச் சாம்பலிலிருந்து படிப்பது எளிதன்று. தன் வீட்டில் சோதித்த நடுவரின் செயல் முறையற்றது எனினும், அவருக்கு எழுந்த ஐயம் அன்று லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு எழுந்த ஐயமே.

கனடாவின் விசாரணை ஆணையம்

கனடாவின் ஒன்டாரியோ மாநில அரசு 1970களின் பிற்பகுதியில் அலுமினியக் கம்பி குறித்து விசாரணை ஆணையம் ஒன்றை அமைத்தது. அதன் தலைவர் ஜான் டூஸோ வில்சன். நிலத்தட்டுகளின் நகர்வு குறித்த கோட்பாட்டுக்கு அடிப்படைப் பங்களிப்புகள் செய்த புவியியற்பியலாளர் அவர். அலுமினியத்தை முற்றாகத் தடை செய்வதைக் காட்டிலும், இணைப்புகளின் தரத்தையும் அவற்றை அமைக்கும் முறையையும் மேம்படுத்துவதே கனடா தேர்ந்த வழி.

புதிய பொருத்தியும் புதிய உலோகமும்

முதல் மாற்றம் 1970களின் தொடக்கத்தில் வந்தது. அதற்கு முன் 'செம்பு-அலுமினியம்' எனக் குறியிடப்பட்டிருந்த பொருத்திகள் நடைமுறையில் போதுமானவையாக இல்லை. கடுமையான புதிய சோதனையில் தேறியவை 'சிஓ/ஏஎல்ஆர்' என்ற குறியைப் பெற்றன. இவற்றில் எஃகுத் திருகு விலக்கப்பட்டுப் பித்தளைத் திருகு திரும்பி வந்தது. கம்பியைத் தொடும் பரப்பும் கூடியது. கம்பியின் உலோகமும் மாறியது. தூய அலுமினியத்தில் சிறிதளவு இரும்பும் பிற உலோகங்களும் சேர்த்து, ஊர்வு குறைந்த கலவைகள் உருவாக்கப்பட்டன. இவை ஏஏ-8000 வரிசை எனப்படுகின்றன. இன்று கட்டடங்களின் பெரிய ஊட்டுக்கம்பிகளில் பயன்படும் அலுமினியம் இவ்வரிசையைச் சேர்ந்தது.

ஏற்கெனவே சுவருக்குள் இருந்த பழைய கம்பிக்கு வேறு வழி தேவைப்பட்டது. அமெரிக்க ஆணையம் மூன்று முறைகளை நிரந்தரத் தீர்வாக ஏற்றுள்ளது. வீடு முழுவதும் செம்புக் கம்பியை மாற்றிப் போடுவது முதலாவது. சிறந்தது, ஆனால் செலவு மிகுந்தது. இரண்டாவது 'கோப்பாலம்' முறை. இதில் அலுமினியக் கம்பியின் நுனியோடு ஒரு சிறு செம்புத் துண்டை உலோகக் குழலுக்குள் வைத்து, சிறப்புக் கருவியால் மிகுந்த விசையுடன் நசுக்குவர். இரு உலோகங்களும் ஏறத்தாழ ஒட்டவைத்தது போல் ஒன்றாகும். திருகே இல்லாததால் தளர்வதற்கும் ஒன்றும் இல்லை. பயிற்சி பெற்றவர்களுக்கே இக்கருவி தரப்படும். மூன்றாவது 'அலுமிகான்' என்ற திருகு இணைப்பி. செம்புக் கம்பிக்கும் அலுமினியக் கம்பிக்கும் தனித்தனித் துளைகள் கொண்ட இது, இரு உலோகங்களும் நேரடியாகத் தொடாமல் காக்கிறது. அதன் திருகுகளைக் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இரு கம்பிகளையும் சேர்த்து முறுக்கி மேலே திருகி மூடும் பிளாஸ்டிக் தொப்பிகளும் சந்தையில் உள்ளன. இவற்றை ஆணையம் நிரந்தரத் தீர்வாக ஏற்கவில்லை. ஆணையத்தின் சோதனைகளில் பங்கேற்ற பொறியாளர் ஜெசி அரோன்ஸ்டீன், இணைப்புக்கு முன் கம்பியின் நுனியைத் தயார்செய்வதன் தேவையை வலியுறுத்தினார். ஆக்சைடு தடுக்கும் பசையைப் பூசி, அப்பசையின் அடியிலேயே நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்தால் படலம் நீங்கும். பசை இருப்பதால் காற்றுப் பட்டு அது மீண்டும் படர்வதும் தடுக்கப்படும்.

இறுக்கத்தின் அளவு

அலுமினியக் கம்பியைத் திருகில் பொருத்தும் முறையை 1970களின் வழிகாட்டிகள் படிப்படியாக வரையறுத்தன. வடு விழாமல் காப்புறையை உரிக்க வேண்டும். திருகு இறுகும் திசையிலேயே, அதன் சுற்றில் மூன்றில் இரண்டு முதல் நான்கில் மூன்று பங்கு வரை கம்பியை வளைக்க வேண்டும். கம்பி தன் மேலேயே ஏறக்கூடாது. திருகின் தலை கம்பியைத் தொட்டு அமரும் வரை இறுக்கி, அதன்பின் மேலும் அரைச்சுற்று இறுக்க வேண்டும். அளவிடும் திருப்புளி இருந்தால் 12 அங்குல-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1.4 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை வரை இறுக்க வேண்டும்.

அந்த 'அரைச்சுற்று' கைப்பழக்கத்தை அளவாக மாற்றும் முதல் முயற்சி எனலாம். அதுவரை 'நன்றாக இறுக்கு' என்பதே மின்பணியாளரின் பாடம். எது நன்று என்பது ஆளுக்கு ஆள், திருப்புளியின் பிடிக்குப் பிடி, காலைக்கும் மாலைக்கும் வேறுபடும். திருகில் செலுத்தும் முறுக்குவிசையின் பெரும்பகுதி உராய்வைக் கடப்பதிலேயே செலவாகிறது; எஞ்சிய சிறு பங்குதான் கம்பியைக் கவ்வும் விசையாகிறது. ஆகவே கையில் உணரும் சிறு வேறுபாடும் இணைப்பின் தரத்தைப் பாதிக்கும்.

இறுக்கம் குறைவதும் தவறு, மிகுவதும் தவறு. குறைந்தால் ஆக்சைடு உடையாது. மிகுந்தால் மென்மையான கம்பி நசுங்கி மெலியும், இழைகள் அறும், திருகின் புரி வழுக்கும். ஆண்டுக்கொரு முறை எல்லாத் திருகுகளையும் மறுபடி முறுக்கும் வழக்கமும் இதே காரணத்தால் கைவிடப்பட்டது. முன்பே சரியான அளவுக்கு இறுக்கிய திருகை மீண்டும் மீண்டும் இறுக்கினால் ஒவ்வொரு முறையும் கம்பி மேலும் நசுங்கும். ஏற்கெனவே சூடாகி ஆக்சைடு படர்ந்த இணைப்பை வெறுமனே இறுக்குவதாலும் பயன் இல்லை. கெட்ட பகுதியை வெட்டி நீக்கிப் புதிதாக இணைக்க வேண்டும். பழைய அலுமினியக் கம்பியை இழுத்து அசைப்பதே நல்ல இணைப்பையும் கெடுக்கக்கூடும் என்பதால், வீட்டு உரிமையாளர்கள் தாமாகத் திறந்து பார்க்க வேண்டாம் என அமெரிக்க ஆணையம் எச்சரிக்கிறது.

அமெரிக்காவின் தேசிய மின்விதித்தொகுப்பு 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் புதிய கட்டாயம் ஒன்றைச் சேர்த்தது. உற்பத்தியாளர் இறுக்க அளவை எண்ணாகக் குறித்திருந்தால், அளவுத்திருத்தம் செய்த முறுக்குவிசைக் கருவியைக் கொண்டே அந்த அளவை எட்ட வேண்டும் என்பது அவ்விதி. இது செம்பு, அலுமினியம் இரண்டுக்கும் பொருந்தும்.

இந்தியச் சூழல்

இந்தியாவிலும் பழைய வீடுகள் பலவற்றில் அலுமினியக் கம்பிகள் இருந்தன. சில வீடுகளில் இன்றும் உள்ளன. புதிய வீடுகளின் உட்சுற்றுகளில் செம்பே வழக்கம். மின்கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் கேபிளில் அலுமினியம் பரவலாக உள்ளது.

இந்தியாவின் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்டு. அமெரிக்காவின் சாதாரணப் பிளக் பாயிண்டில் 120 வோல்ட்டு. 1,800 வாட் கருவி அங்கு 15 ஆம்பியர் எடுக்கும், இங்கு 8 ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 0.1 ஓம் கொண்ட அதே கெட்ட இணைப்பில் இங்கு ஏறத்தாழ 6 வாட் மட்டுமே தோன்றும். அபாயம் குறைகிறதே தவிர நீங்குவதில்லை. குளிரூட்டியும் வெந்நீர்க் கருவியும் பழைய வீட்டில் புதிதாகச் சேரும்போது, முன்பு இரண்டு விளக்குகளையும் ஒரு மின்விசிறியையும் தாங்கிய இணைப்பின் மேல் பல மடங்கு சுமை ஏறுகிறது. அலுமினியக் கேபிளைச் செம்பு அல்லது பித்தளை முனையோடு சேர்க்கும் இடத்தில் இரட்டை உலோக லக் பயன்படுத்தி, கிரிம்பிங் கருவியால் அழுத்துவதே முறையான வேலை. கம்பியோடு கம்பியை முறுக்கி நாடா சுற்றிவிடும் இணைப்பு எந்த உலோகத்திலும் ஆபத்தானது. அலுமினியத்தில் கூடுதல் ஆபத்து.

வரலாற்று முக்கியத்துவம்

அலுமினியம் குற்றமற்றது என்றோ பயனற்றது என்றோ இவ்வரலாறு காட்டவில்லை. அதே உலோகம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மின்தொடர்களில் நம்பகமாக உழைத்து வருகிறது. ஒரு பொருளுக்கு மாற்றாக இன்னொன்றைக் கொண்டுவந்தபோது கம்பியின் தடிமனை மட்டும் கணக்கிட்டு, அதைப் பிடிக்கும் திருகையும் இறுக்கும் கையையும் பழையபடியே விட்டதுதான் பிழை. பிழை தெரிந்த பின்னும் அதைத் திருத்தும் செலவை யார் ஏற்பது என்பதில் ஆண்டுகள் கழிந்தன. அக்காலத்தில் கட்டிய வீடுகள் பல இன்னும் மக்கள் வாழும் வீடுகளாகவே உள்ளன. அவற்றை வாங்குவோரும் காப்பீடு செய்வோரும் கம்பி எந்த உலோகம், இணைப்புகள் எம்முறையில் திருத்தப்பட்டன என்று இன்றும் கேட்கின்றனர்.